பட்டவர் சொல்லும் ஆறுதல்

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்’ என்பது நம் முன்னோர் வழக்கு. பிறர் துன்பத்தை எளிதாக எண்ணுவோரைக் கடிந்துகொள்ளவே இப்பழமொழியைப் பெரும்பாலும் நாம் எடுத்தாள்கிறோம். ஆயினும் அதனுள் இன்னோர் உண்மையும் பொதிந்து கிடக்கிறது. தனக்கு வந்து அறிந்தவருக்கு மற்றவர் பெறாத ஓர் அறிவு வாய்க்கிறது. அந்த அறிவு அடுத்தவருக்குப் பயன்படுமா? மருத்துவரின் கல்வியும் குருவானவரின் ஆறுதல் மொழியும் உறவினரின் அன்பும் எட்டாத இடத்தை அது எட்டுமா? மார்பகப் புற்றுநோயின் வரலாற்றில் இக்கேள்விக்குப் பெண்கள் தாமே விடை தேடினர். அவ்வரலாறு, நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் நம் ஒவ்வொருவருக்கும் சில பாடங்களைக் கற்பிக்கிறது.

தனிமையில் பட்ட துன்பம்

மார்பக நோயுற்றோரின் பாதுகாவலியாகத் திருச்சபை போற்றுபவர் புனித ஆகத்தா. மூன்றாம் நூற்றாண்டில், சிசிலித் தீவின் கத்தானியா நகரில் மறைசாட்சியாக இறந்த கன்னி அவர். பிப்ரவரி 5 அவரது திருநாள். அவரது மார்பகங்களை அறுத்துச் சிறையில் எறிந்தனர் என்றும், இரவில் புனித பேதுரு அங்கே வந்து அவரைக் குணமாக்கினார் என்றும் மரபு கூறுகிறது. வேதனையின் கொடுமையை மட்டுமன்று, இருட்சிறைக்குள் அவரைத் தேடி ஒருவர் வந்ததையும் அம்மரபு மறவாமல் சொல்லி வந்திருக்கிறது.

ஆனால் பல நூற்றாண்டுகளாக இந்நோயுற்ற பெண்களை அவ்வாறு தேடி வந்தவர் மிகச் சிலரே. நோயை வெளியே சொல்ல நாணி, அவர்கள் அதை ஆடைக்குள் மறைத்துக்கொண்டனர். இம்மௌனத்தை உடைத்த பழைய சான்றுகளுள் ஒன்று, ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி எழுதிய கடிதம். 1811 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள், பாரிஸ் நகரில் தம் இல்லத்திலேயே அவர் மார்பக அறுவைக்கு உட்பட்டார். நெப்போலியனின் படை மருத்துவரான லாரே அறுவை செய்தார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வர இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. கத்தி தம் உடலில் இயங்கிய ஒவ்வொரு கணத்தையும் பர்னி உணர்ந்திருந்தார்.

பல மாதங்கள்வரை அதைப் பற்றிப் பேசவும் அவரால் இயலவில்லை. 1812 இல், தம் சகோதரி எஸ்தருக்கு அந்நிகழ்ச்சி முழுவதையும் கடிதமாக எழுதினார். அதை எழுதி முடிக்கவே சில மாதங்கள் பிடித்தன. தாம் பட்டதை வேறு வாய்வழியே திரித்துக் கேட்காமல், தம் கையெழுத்திலேயே உடன்பிறந்தவள் அறிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அதன்பின் 1840 வரை அவர் உயிர் வாழ்ந்தார். ஒரு பெண் தான் பட்டதை இன்னொரு பெண்ணுக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்ன அக்கடிதத்தை, பின்னாளில் எழுந்த இயக்கத்தின் முன்னோடி எனலாம்.

அறுவையும் அதன் வடுவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர் ஒரு முறையை வகுத்தார். மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து நீக்குவதே அம்முறை. 1894 இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப்பின், ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அது மருத்துவ உலகை ஆண்டது. பல பெண்கள் அதனால் நோயின் பிடியினின்று தப்பினர். ஆயினும் குழிவிழுந்த நெஞ்சும், உயர்த்த முடியாத தோளும், வீங்கிப் பருத்த கையும் அவர்களுக்கு வாழ்நாள் துணையாயின.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கட்டியைச் சோதிப்பதும் மார்பகத்தை நீக்குவதும் ஒரே மயக்கத்தில் நடைபெற்றன. தனக்குப் புற்றுநோய் உண்டா என அறியாமலே படுத்த பெண், கண்விழித்துத் தன் நெஞ்சின்மேல் கட்டுப்போட்டிருப்பதைக் கண்ட பிறகே உண்மையை உணர்ந்தாள். அதன்பின் எப்படிக் குளிப்பது, எந்த உடையை அணிவது, குழந்தையைத் தூக்கலாமா, கணவர் முன் எவ்வாறு நிற்பது என அவள் உள்ளத்தில் எழுந்த வினாக்களுக்கு மருத்துவமனையில் விடை இல்லை. உயிர் பிழைத்ததே போதாதா என்பதுதான் அவளுக்குக் கிடைத்த மறுமொழி.

1952: நியூயார்க்கில் ஒரு பெண்

1952 இல் நியூயார்க் நகரில் இவ்வறுவைக்கு உட்பட்டவர் தெரேஸ் லாசர். வருமானவரி பற்றிய கையேடுகளால் புகழ்பெற்ற ஜே. கே. லாசரின் மனைவி. தம் வினாக்களுக்கு மருத்துவர்கள் முகம் கொடுக்காததைக் கண்ட அவர், தாமே விடை தேடிக்கொண்டார். பின்னர், அதே அறுவைக்கு உட்பட்டுப் படுத்திருந்த பிற பெண்களைத் தேடிச் சென்றார். ‘மீட்பை நோக்கிக் கை நீட்டு’ என்னும் பொருள்படும் ‘ரீச் டு ரெக்கவரி’ இயக்கம் இவ்வாறு பிறந்தது.

அவர் கொண்டு சென்றவை எளிய பொருள்கள்: புண் ஆறும்வரை உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள இலேசான செயற்கை மார்பகம், தோள் இறுகிப்போகாமல் பயிற்சி செய்யக் கயிற்றில் கட்டிய ரப்பர்ப் பந்து, விளக்கத் தாள்கள். சுவரில் விரல்களை மெல்ல மெல்ல மேலேற்றி, நாளுக்கு நாள் சற்று உயரம் எட்டும் பயிற்சியையும் கற்பித்தார். இவை எல்லாவற்றிலும் மேலானது, நன்கு உடுத்தி நிமிர்ந்து நின்ற அவரே. ‘எனக்கும் இதுதான் நடந்தது, இதோ, நடந்து வந்து உன் முன் நிற்கிறேன்’ என்பதற்கு அவர் உடலே சாட்சியாக இருந்தது.

அனைவரும் அவரை வரவேற்றுவிடவில்லை. மருத்துவர் அல்லாத ஒருவர் நோயாளியிடம் பேசுவதைச் சில அறுவை மருத்துவர்கள் அத்துமீறலாகக் கருதினர். சமுதாயத்தின் நாணமும் தடையாக நின்றது. 1950களின் தொடக்கத்தில், ஃபேனி ரோசனோ என்னும் பெண்மணி இந்நோயுற்ற பெண்களின் கூட்டத்துக்காக ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் விளம்பரம் தர முயன்றபோது, ‘மார்பகம்’, ‘புற்றுநோய்’ ஆகிய இரு சொற்களையும் அச்சிட இயலாது என்றும், வேண்டுமானால் ‘நெஞ்சுச் சுவர் நோய்கள்’ என்று போடலாம் என்றும் கூறப்பட்டதாகச் சொல்வர். பெயரையே சொல்லக்கூடாத நோய்க்கு ஆறுதல் தேடுவது எங்ஙனம்?

அதே 1952 இல்தான் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்கு ஜவாகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். உடன்பிறந்த சகோதரியை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பல்லாண்டு முயற்சி அது. 1954 இல் பன்னிரண்டு படுக்கைகளோடு அது பணியைத் தொடங்கியது. இரு பெண்கள், உலகின் இரு மூலைகளில், தம் துயரத்தைப் பிறர்க்குப் பயனாக மாற்ற ஒரே காலத்தில் முனைந்தனர்.

1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் லாசரின் இயக்கத்தைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அப்போது சில ஒழுங்குகள் வரையறுக்கப்பட்டன. சந்திக்கச் செல்லும் தொண்டர் தாமே அந்நோயைக் கடந்தவராக இருத்தல் வேண்டும். மருத்துவரின் இசைவு வேண்டும். மருத்துவ ஆலோசனை கூறலாகாது. இவ்வரம்புகளே மருத்துவர்களின் ஐயத்தைப் போக்கின. பாரிஸில் வாழ்ந்த ஃபிரான்சீன் திமோத்தி என்பவர் 1974 இல் இப்பணியை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார். லாசர் 1979 இல் மறைந்தார்.

பேசத் துணிந்தோர்

இதற்கிடையே காலம் மாறியது. 1972 இல் முன்னாள் திரைப்படக் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் பிளாக், மருத்துவமனையிலிருந்தே தம் நோயைச் செய்தியாளருக்கு அறிவித்தார். 1974 செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் துணைவியார் பெட்டி ஃபோர்டு, தமக்கு நிகழ்ந்த அறுவையை மறைக்க மறுத்தார். அதன் விளைவாகப் பெருந்திரளான பெண்கள் பரிசோதனைக்கு முன்வந்தனர்.

அதே ஆண்டு தமக்கு நோய் கண்ட பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர், கேட்காமல் அறுக்கும் ஒரே மயக்க வழக்கத்தை எதிர்த்துப் போராடினார். 1979 இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய குழு, சோதனையும் அறுவையும் தனித்தனியே நடைபெற வேண்டும் எனப் பரிந்துரைத்தது. குஷ்னரும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார். 1985 இல் பெர்னார்டு ஃபிஷர் குழுவினரின் ஆய்வு, கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு அளித்தாலும், தக்க நோயாளிகளிடத்தில், வாழ்நாள் குறைவதில்லை எனக் காட்டியது. நோயாளியின் குரலும் அறிவியலின் சான்றும் இங்கே கைகோத்தன.

1978 இல் சிகாகோ அருகே, நோயுற்ற இரு பெண்கள் ‘ஒய்-மீ’ என்னும் அமைப்பைத் தொடங்கினர். நள்ளிரவில் உறக்கமின்றித் தவிக்கும் ஒருத்தி தொலைபேசியை எடுத்தால், மறுமுனையில் அதே வழியைக் கடந்த இன்னொருத்தியின் குரல் கேட்டது. 2012 இல் மூடப்படும்வரை அப்பணி தொடர்ந்தது.

ஆறுதலுக்கும் ஒரு கண்டனம்

ஆறுதல் தர வந்தவர்கள்மீதே ஒரு பெண் வைத்த கண்டனத்தையும் இங்கே கூறியாக வேண்டும். அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டு 1978 இல் மார்பக அறுவைக்கு உட்பட்டார். அன்போடு வந்த தொண்டர் அவருக்குச் செயற்கை மார்பகம் ஒன்றை அளித்து, யாரும் வேறுபாடு காணமாட்டார்கள் எனத் தேற்றினார். அதன் நிறம்கூடத் தம் தோலுக்கு ஒவ்வவில்லை என்பதை லார்டு கண்டார். பின்னர், மருத்துவரின் அறைக்கு அதை அணியாமல் சென்றபோது, பிற நோயாளிகளின் மனவுறுதி குன்றும் என்று செவிலியர் ஒருவர் அவரைக் கடிந்துகொண்டார். இழப்பை மறைக்கச் சொல்வது இழந்தவளின் நலத்துக்காகவா, காண்பவரின் நிம்மதிக்காகவா என்று 1980 இல் தாம் வெளியிட்ட நூலில் லார்டு வினவினார்.

லாசர் தவறு செய்தார் என நாம் தீர்ப்பிட வேண்டியதில்லை. முன்போல் உடுத்தி வெளியே செல்ல விரும்பிய பெண்களுக்கு அவர் வழிகாட்டினார். வடுவோடு நிமிர்ந்து நிற்க விரும்பிய பெண்களுக்காக லார்டு பேசினார். எவ்வழி தனக்கு ஏற்றது என்பதை நோயுற்றவளே சொல்ல வேண்டும். ஆறுதல் கூற வந்தவர் அதைக் கேட்டறிய வேண்டும்.

ஆய்வுகள் சொல்வது

பட்டவரின் தோழமை ஆயுளை நீட்டுமா? 1989 இல் அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் வெளியிட்ட ஆய்வு பெரும் நம்பிக்கையை எழுப்பியது. நோய் உடலில் பரவிய 86 பெண்களுள், ஓராண்டு வாரந்தோறும் கூடிப் பேசியவர்கள் சராசரியாக ஏறத்தாழ 37 மாதங்களும், ஏனையோர் 19 மாதங்களும் வாழ்ந்தனர் என்றது அது. ஆனால் 2001 இல் கனடாவில் 235 பெண்களிடையே வெளியான பெரிய ஆய்வில் ஆயுள் நீளவில்லை. 2007 இல் ஸ்பீகலே மீண்டும் நடத்திய ஆய்விலும் பொதுவாக அந்நீட்சி காணப்படவில்லை.

அப்படியானால் கூடிப் பேசியது வீணா? கனடா ஆய்விலேயே, கூடிப் பேசிய பெண்களின் மனத்துயர் குறைந்தது. வலியும் குறைவாக உணரப்பட்டது. மிகுதியாகத் துன்புற்றவர்களே மிகுதியான பயன் பெற்றனர். தோழமை உயிரைக் காக்கும் மருந்து அன்று. மருந்தைக் கைவிட்டுத் தோழமையை நம்பியிருப்பது பெருந்தவறு. இருக்கும் நாட்களைச் சுமக்கத் தக்கனவாக ஆக்குவதே அதன் பணி. அது சிறிய பணியா?

சிகிச்சை முடிந்த பின்

இன்று அறுவையின் அளவு குறைந்துள்ளது. ஆயினும் முடி உதிர்க்கும் வேதிமருந்தும், நம் மக்கள் ‘கரண்டு வைப்பது’ என்று கூறும் கதிர்வீச்சும், பலருக்கு ஐந்தாண்டோ அதற்கு மேலுமோ தொடரும் மாத்திரைகளும் உள்ளன. கடைசி ஊசி போட்ட அன்று, ‘எல்லாம் முடிந்தது’ என்று உறவினர் மகிழ்கின்றனர். பலருக்குத் தனிமை தொடங்குவதே அன்றுதான். பார்க்க வருவோர் குறைகின்றனர், உடற்சோர்வு குறைவதில்லை. குடம் தூக்கும் கை வீங்குமோ என்னும் தயக்கமும், அடுத்த பரிசோதனை நெருங்கும்போதெல்லாம் எழும் அச்சமும் வெளியே தெரிவதில்லை. சமையலறைக்கும் ஆலயத்துக்கும் அவள் திரும்பிவிட்டதாலேயே நலமாகிவிட்டாள் என எண்ணிவிடுகிறோம்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன எளியவை. நோயின் பெயரைச் சொல்ல அஞ்சும் வீட்டில் நோயாளி இருமடங்கு தனிமைப்படுகிறாள். ‘பாவத்தின் தண்டனை’, ‘கடவுள் சித்தம்’ என்று அவசரப்பட்டுக் கூறும் சொற்கள் அவளைத் தேற்றுவதில்லை. நம் பங்கில் இந்நோயைக் கடந்து வந்த பெண் ஒருவர் இருந்து, தாமாகப் பேச மனமுவந்தால், புதிதாக நோயுற்றவரிடம் அவரை அழைத்துச் செல்வது நூறு அறிவுரைகளினும் மேலானது. இருவரையும் பேசவிட்டு நாம் வெளியே காத்திருப்போம். அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேளாதிருப்பதும் நம் கடமையே.