மேலே மழை, கீழே வெயில்: கும்பக்கரை அருவியில் தடை போடுவது ஏன்?

"கும்பக்கரை அருவியில் குளிக்க தடை" என்ற செய்தி வந்தாலே, "இங்க ஒரு சொட்டு மழை இல்லையே, எதுக்கு தடை?" என்று கேட்பவர்கள் பலர். அதற்கான பதில் அருவியில் இல்லை, மலைக்கு மேலே இருக்கிறது.

தேனி மாவட்டம் பெரியகுளத்தில் இருந்து சுமார் 9 கி.மீ. தூரத்தில், கொடைக்கானல் மலை அடிவாரத்தில் உள்ளது கும்பக்கரை. இங்கு பாய்வது பாம்பாறு.

லிரில் அருவி

இந்த காட்டாறு பிறப்பது சுமார் 7 ஆயிரம் அடி உயரத்தில். கொடைக்கானல், பாம்பார்புரம், வட்டக்கானல் பகுதிகளில் பெய்யும் மழைதான் இதற்கு தண்ணீர். வட்டக்கானல் அருகே இது அருவியாக விழும் இடத்தில் லிரில் சோப்பு விளம்பரம் எடுத்தார்கள். 'லிரில் அருவி' என்ற பெயரே நிலைத்து விட்டது.

செருப்பு போடாத ஊர்

அங்கிருந்து இறங்கினால் மலைச்சரிவில் வெள்ளகெவி கிராமம். ஊரையே கோவிலாக நினைப்பதால் இங்குள்ள மக்கள் ஊருக்குள் செருப்பு போடுவது இல்லை. அரிசி, பருப்பு எல்லாம் பல தலைமுறையாக தலைச்சுமையாகவும், குதிரை மீதும்தான் வந்தன.

எமனாகும் பள்ளங்கள்

வட்டக்கானல், வெள்ளகெவி பகுதியில் கனமழை கொட்டினால், செங்குத்தான சரிவில் வெள்ளம் மளமளவென்று இறங்கும். கீழே வெயில் அடித்துக் கொண்டிருக்கும்போதே அருவியில் காட்டாற்று வெள்ளம் வந்துவிடும்.

இன்னொரு ஆபத்து பாறைகள். தண்ணீர் அறுத்து அறுத்து பாறையில் ஆழமான பள்ளங்கள் விழுந்துள்ளன. யானை கஜம், பாம்பு கஜம் என்று இவற்றுக்கு பெயரே உண்டு. மேலே பார்த்தால் இடுப்பளவு தண்ணீர்தான் என்று தோன்றும். பாசியில் வழுக்கி உள்ளே விழுந்தால் நீச்சல் தெரிந்தவர்கூட மேலே வருவது கஷ்டம். இப்படி உயிரை விட்டவர்கள் பலர்.

கவனிக்க வேண்டியவை

* தெளிந்த தண்ணீர் திடீரென கலங்கினால், இலை, சுள்ளி மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் உடனே கரை ஏறுங்கள். துணி, செல்போனை எடுக்க திரும்பி ஓடாதீர்கள்.

* வனத்துறையினர் விசில் அடித்தால் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்ச வேண்டாம்.

* குடித்துவிட்டு இறங்காதீர்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

* கிளம்பும் முன்பு பெரியகுளத்தில் மட்டும் அல்ல, கொடைக்கானலில் மழை பெய்கிறதா என்றும் விசாரியுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் வனத்துறை மீண்டும் குளிக்க அனுமதிக்கும். அருவி எங்கும் போய்விடாது, இன்னொரு நாள் வந்து ஆசை தீர குளிக்கலாம்.