கருங்கூந்தலும் ஜவ்வாது மலைத் தேனும்

ஹிஜ்ரி 8-இல், மக்கா வெற்றியின்போது, அபூபக்கர் (ரலி) அவர்களின் தந்தை அபூ குஹாஃபாவின் நரையை மாற்றுமாறும், கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நம் இல்லங்களில் அதற்கு மருதோன்றியே போதுமானதாயிற்று. ஆனால் மருதோன்றி நரையைச் சிவக்கச் செய்யுமேயன்றிக் கருமுடியை வெளிறச் செய்யாது.

இன்று நம் பிள்ளைகள் வீட்டிலேயே நாடும் அவ்வெளிறலைத் தருவது ஹைட்ரஜன் பெராக்சைடு. 1818-இல் தெனார் கண்டறிந்த அத்திரவம், 1867-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் முடி வெளுக்கும் பொருளாக அறிமுகமாயிற்று. ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் எடுக்கும் தேனிலும், நீர் கலந்தால், அதே பொருள் மிகச் சிறிதளவு உண்டாகிறது. தேன்பூச்சால் நிறம் மாறினும் இலேசாகவே மாறும். அவ்வளவே போதும் என்பது எம் கருத்து.

கடைப் ப்ளீச் தூளில் பெர்சல்பேட்டும் சேர்வதால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. மற்றவர்களும் காதின் பின்புறம் சிறிது தடவி, இரு நாள் பொறுத்தே பூச வேண்டும்.