அலைவரிசை கைமாறிய டிசம்பர்

இலக்கிய அரங்கில் தொலைக்காட்சி நிலையங்களின் வரலாற்றுக்கு என்ன வேலை என்று அறிவிப்பைப் பார்த்துச் சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு ஊர் மாலை வேளையில் யார் சொல்லும் கதையைக் கேட்கிறது, அந்தக் கதைசொல்லியை மாற்றுகிறவர் யார் என்பது நமக்கும் உரிய கேள்விதான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் உள்ளூர் நிலையங்கள் ஏதாவதொரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அதன் நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும். 1993 இறுதியில் ஃபாக்ஸ் நிறுவனம் அமெரிக்கக் கால்பந்து உரிமையை சி.பி.எஸ்.ஸிடமிருந்து தட்டிக்கொண்டு போனது. அடுத்த மே மாதமே நியூ வேர்ல்டு என்ற நிறுவனத்தின் நிலையங்கள் கூட்டமாக ஃபாக்ஸ் பக்கம் சாய்ந்தன. அங்கே அதைச் செய்தது பணம். நான் வாழும் கிழக்கு ஜெர்மனியில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதேபோன்ற ஒன்று, ஒரு நாட்டின் அளவில், அரசு ஒப்பந்தத்தின் வழியாக நடந்தது.

கிழக்கு பெர்லினின் அட்லர்ஸ்ஹோஃபிலிருந்து 1952 டிசம்பர் 21 அன்று சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. ஸ்டாலினின் பிறந்தநாள் பார்த்துக் குறித்த தேதி. மேற்கு ஜெர்மனியில் தொலைக்காட்சி தொடங்கியது நான்கு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று. குழந்தைகளின் கண்ணில் மணல் தூவித் தூங்கவைக்கும் சாண்ட்மன் பொம்மைக்குட்டியும் அப்படியே. கிழக்கின் சாண்ட்மன் 1959 நவம்பர் 22 அன்று வந்தார், மேற்கின் சாண்ட்மன் டிசம்பர் 1 அன்று. போட்டி என்றால் அப்படியொரு போட்டி.

ஆனால் கிழக்கின் மக்கள் மாலையில் பார்த்தது பெரும்பாலும் மேற்கின் ஏ.ஆர்.டி.யைத்தான். அலைகளுக்குச் சுவர் கிடையாதே. 1961 செப்டம்பரில், சுவர் எழுப்பிய கையோடு, கட்சியின் இளைஞர் அணி கூரைகளில் ஏறி மேற்கு நோக்கியிருந்த ஆன்டெனாக்களைத் திருப்பிவைத்தது. பவேரிய மலையுச்சியில் இருந்த ஒலிபரப்புக் கோபுரத்தின் பெயரால் அந்த நடவடிக்கைக்கு 'ஆக்ஸன்கோப்ஃப்', அதாவது 'எருதுத்தலை', என்று பெயர். பயன் இல்லை. 1973-இல் ஹோனெக்கரே, மேற்கத்திய ஊடகங்களை இங்கே யார் வேண்டுமானாலும் போடலாம், அணைக்கலாம் என்று சொல்லிவிட்டார். வண்ணத்தில்கூட இரண்டும் ஒத்துப்போகவில்லை. மேற்கு பால் முறை, கிழக்கு பிரான்சிலிருந்து வந்த செகாம் முறை. கிழக்கின் பெட்டியில் மேற்கின் படம் கறுப்பு வெள்ளையாக வரும். அதைச் சரிசெய்யும் கருவியைப் பொருத்தித் தருகிற கைத்தொழிலாளிக்கு நல்ல மரியாதை இருந்ததாம்.

மேற்கின் அலை எட்டாத இடமும் உண்டு. ட்ரெஸ்டன் பள்ளத்தாக்கை 'ஒன்றும் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு' என்றார்கள். ஏ.ஆர்.டி. என்ற எழுத்துக்களுக்கே 'ட்ரெஸ்டன் வட்டாரம் நீங்கலாக' என்று கேலியாக விரிவு சொல்வார்கள்.

எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1982-இல் அதே தேதியில் டெல்லியின் தேசிய நிகழ்ச்சி வந்து இரவு நேரத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டில் இந்திச் செய்தி ஆரம்பித்தால் தட்டு போடும் நேரம் என்று பொருள். பார்வையாளனிடம் இருந்தது அணைக்கும் குமிழ் ஒன்றுதான்.

இப்போது 1989-க்கு வருவோம். அதுவரை யாரும் நம்பாத அட்லர்ஸ்ஹோஃப் நிலையம் சில வாரங்களில் வாய் திறந்தது. முப்பது ஆண்டுகளாக மேற்கின் காட்சிகளை வெட்டி ஒட்டித் திட்டிக்கொண்டிருந்த 'கறுப்பு அலைவரிசை' நிகழ்ச்சி அக்டோபர் 30 அன்று முடிந்தது. 'எல்ஃப் 99' என்ற இளைஞர் நிகழ்ச்சி, நவம்பரில், தலைவர்கள் குடியிருந்த வாண்ட்லிட்ஸ் வளாகத்துக்குள் கேமராவோடு போனது. மக்கள் தங்கள் சொந்த நிலையத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1990 பிப்ரவரியில் மக்கள் மன்றம் ஊடகச் சுதந்திரத்துக்குத் தீர்மானம் போட்டது. மார்ச்சில் நிலையம் 'டி.எஃப்.எஃப்.' என்ற தன் பழைய பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் முடிவு வந்தது. ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவு, கிழக்கின் வானொலியும் தொலைக்காட்சியும் 1991 டிசம்பர் 31-க்குள் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும், இல்லாவிட்டால் கலைந்துபோகும் என்றது. பொறுப்புக்கு வந்த ருடால்ஃப் ம்யூல்ஃபென்ட்ஸல் பவேரிய ஒலிபரப்பில் முன்பு பணியாற்றியவர். 1990 டிசம்பர் 15 அன்று முதல் அலைவரிசை ஏ.ஆர்.டி.யிடம் போனது. 'ஆக்டுவெல்லே காமெரா' என்ற செய்தியறிக்கை அதற்கு முந்தின இரவோடு முடிந்தது. அட்லர்ஸ்ஹோஃபுக்கு மிஞ்சியது இரண்டாம் அலைவரிசை, அதுவும் ஓராண்டுக்கு. பொய் சொன்ன காலமெல்லாம் அலைவரிசை இருந்தது. உண்மை பேசப் பழகியபோது அது கையில் இல்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கொஞ்சம் கசக்கிறது. மறுபக்கமும் உண்டு. நாற்பது ஆண்டு மக்களை ஏமாற்றிய ஒரு நிறுவனம் தன் கட்டடம், ஆட்கள், பழக்கங்களோடு அப்படியே தொடர வேண்டும் என்று கேட்க யாருக்கும் மனம் வந்திருக்காது. கலைத்ததில் நியாயம் இருந்தது. அவசரத்தில்தான் இல்லை என்பேன்.

அடுத்தது, எந்த மாநிலம் யாரோடு என்ற பேரம். சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், துரிஞ்சியா மூன்றும் சேர்ந்து லைப்சிக்கில் எம்.டி.ஆர். அமைத்தன. மெக்லென்பர்க், பிராண்டன்பர்க், பெர்லின் மூன்றும் 'நோரா' என்ற பெயரில் சேரலாம் என்ற பேச்சு நடந்தது. அது கரை சேரவில்லை. மெக்லென்பர்க் ஹாம்பர்க்கின் என்.டி.ஆர். குடையின் கீழ் போய்விட்டது. பிராண்டன்பர்க் ஓ.ஆர்.பி. என்று தனியே நின்றது. 2003-இல் பெர்லினோடு இணைந்தது. 1992 ஜனவரி 1 முதல் கிழக்கின் எல்லாப் பெட்டிகளிலும் புதிய சின்னங்கள். எம்.டி.ஆர்., ஓ.ஆர்.பி. இரண்டின் முதல் தலைவர்களும் மேற்கிலிருந்து வந்தவர்களே. அட்லர்ஸ்ஹோஃபின் ஊழியர்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் புது வீடுகளில் இடம் இல்லை.

நான் எதிர்பார்க்காத திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. மேற்கின் சாண்ட்மன் 1989-லேயே நிறுத்தப்பட்டுவிட்டார். கிழக்கின் சாண்ட்மனையும் நிறுத்திவிடுவார்கள் என்று பெற்றோர் போராடினார்கள், அவர் பிழைத்தார். இன்று ஜெர்மனி முழுவதுக்கும் அவர் ஒருவர்தான். 1971-இல் 'டாட்டோர்ட்' துப்பறியும் தொடருக்குப் போட்டியாகக் கிழக்கில் வந்த 'போலிட்சைரூஃப் 110', இப்போது ஞாயிறு இரவுகளில் அதே டாட்டோர்ட்டோடு முறைவைத்து வருகிறது. மக்கள் தாங்களே கள்ளத்தனமாகப் பார்த்துவந்த ஏ.ஆர்.டி. வாசலுக்கே வந்துவிட்டபின் பழைய பாடகர்களையும் பழைய முகங்களையும் தேடினார்கள். எம்.டி.ஆர். அந்தத் தேடலைப் புரிந்துகொண்டது. அதன் பழைய நினைவு நிகழ்ச்சிகளைச் சீரியஸ் விமர்சகர்கள் கிண்டல் செய்தார்கள், ஆனால் தன் பகுதியில் அதற்குக் கிடைத்த பார்வையாளர்கள் பிற மாநில அலைவரிசைகளுக்குப் பொறாமை தரும் அளவு.

என் மாடிக்கு மேல் எண்பதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "மேற்கத்தியதுதான், வேறென்ன?" என்றார். இப்போது? அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். "எம்.டி.ஆர்." என்றார். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது.