பரிசிலும் பங்காளி... சண்டையிலும் பங்காளி!

1906, டிசம்பர் மாதம். ஸ்டாக்ஹோம் நகரம். அந்த வருடம் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இரண்டு பேருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர், இத்தாலியைச் சேர்ந்த காமில்லோ கோல்ஜி (பள்ளிக்கூடத்தில் ‘கோல்கை உறுப்புகள்’ என்று படித்தோமே, அதே ஆசாமிதான்!). இன்னொருவர், ஸ்பெயின்காரரான சான்டியாகோ ரமோன் இ காஹால்.

பரிசு வாங்கியவர்கள் தங்கள் ஆராய்ச்சி பற்றி உரையாற்றுவது வழக்கம். முதலில் கோல்ஜி எழுந்தார். என்ன பேசினார் தெரியுமா? தன்னோடு பரிசைப் பகிர்ந்துகொண்ட காஹாலின் கொள்கை தப்பு என்று ஒரு முழுச் சொற்பொழிவு! மறுநாள் காஹால் எழுந்து, நேர் எதிராகப் பேசினார். பரிசிலும் பங்காளி, சண்டையிலும் பங்காளி!

அப்படி என்ன தகராறு? மூளை எதனால் ஆனது என்பதுதான்.

மூளையிலிருந்து ஒரு துளியூண்டு வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். ஒன்றும் புரியாது. அடர்ந்த காட்டுக்குள் நின்றால் எந்தக் கிளை எந்த மரத்துடையது என்று தெரியுமா? அதே கதைதான். இந்தச் சிக்கலை 1873-ல் உடைத்தவர் கோல்ஜி. தீராத நோயாளிகளுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டாக்டர் உத்தியோகம். லேபுக்கு வசதியில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையிலேயே ஆராய்ச்சி செய்தார். மூளைத் துண்டை பொட்டாஷியம் டைகுரோமேட்டில் ஊறப்போட்டுவிட்டு, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டார். நூற்றில் ஏதோ சில செல்கள் மட்டும் கறுப்பாகின. ஆனால், அந்தச் சில செல்கள் வேர் முதல் கிளைநுனி வரை பளிச்சென்று தெரிந்தன. காட்டில் ஒரே ஒரு மரத்துக்கு மட்டும் கறுப்புப் பெயின்ட் அடித்த மாதிரி!

அற்புதமான கண்டுபிடிப்பு. அதைக் கொண்டு கோல்ஜி கண்ட மூளை, எல்லா நரம்பிழைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்த ஒரே வலை. ஊர் முழுக்க ஓடும் தண்ணீர்க் குழாய் மாதிரி.

இங்கேதான் காஹால் நுழைகிறார். சின்ன வயதில் சரியான வாண்டு. பதினொரு வயதில் சொந்தமாக ஒரு பீரங்கி செய்து, பக்கத்து வீட்டு வாசல் கதவைப் பிளந்து, சில நாள் ஜெயிலில் இருந்தவர்! ஓவியனாகத்தான் ஆசை. டாக்டரான அப்பா விடவில்லை. 1887-ல் மாட்ரிட்டில் கோல்ஜியின் கறுப்புச் சாயம் ஏறிய செல்களைப் பார்த்தபோது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த ஓவியன் விழித்துக்கொண்டான்.

காஹால் ஒரு தந்திரம் செய்தார். முற்றிய மூளையை விட்டுவிட்டு, குஞ்சுகளின், கருவிலுள்ள உயிர்களின் மூளையை எடுத்துக்கொண்டார். காடு அடர்வதற்கு முன், கன்றாக இருக்கும்போதே பார்த்துவிடுவது! பறவையின் சிறுமூளையில் விசிறி போல் கிளை விரித்த செல்கள் இருந்தன. அவற்றை வேறு வகை செல்களின் இழைகள் கூடை பின்னியது போல் சுற்றி வளைத்திருந்தன. கட்டிப்பிடிக்கின்றன, ஆனால் உள்ளே கலக்கவில்லை! ஒவ்வொரு செல்லும் தனித்தனி ஆள் என்றார் காஹால்.

1888-ல் இதை வெளியிட, சொந்தக் காசில் ஒரு பத்திரிகையே ஆரம்பித்தார். ஸ்பானிஷ் மொழியில் எழுதினால் யார் படிப்பது? மறு வருடம் தன் ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு பெர்லின் மாநாட்டுக்கே போனார். 72 வயது மேதை கோலிக்கர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். அவ்வளவுதான், காஹாலின் கட்சியில் சேர்ந்துவிட்டார்!

சரி, இதில் ஞாபகசக்தி எங்கே வருகிறது? செல்கள் தனித்தனி என்றால், நடுவே சந்திப்புகள் உண்டு. 1894-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் காஹால் ஒரு ஊகத்தை முன்வைத்தார். மூளையைப் பழக்கப் பழக்க இந்தச் சந்திப்புகள் வலுப்படலாம், புதிதாகக் கிளைக்கலாம் என்று. கற்றல் என்பதே அதுதானோ என்று.

1950-களில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்தது. அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தது. தலைமுடியின் தடிமனில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு! பின்னாளில் எரிக் கேண்டல் குழுவினர், கடல் நத்தைக்கு ஒரு பாடம் நன்றாகப் பதிந்தபோது அதன் நரம்புச் சந்திப்புகள் அதிகரித்ததைக் காட்டினார்கள். கேண்டலுக்கு நோபல் கிடைத்தது 2000-ல். காஹால் இறந்து 66 வருடங்கள் கழித்து!

கோல்ஜியை மட்டமாக எடைபோட வேண்டாம். செல்கள் நேரடியாகக் கைகோக்கும் இணைப்புகளும் மூளையில் சில இடங்களில் இருப்பது பிற்பாடு தெரியவந்தது. ஆனாலும் ஒரு வருத்தம். உலகத்துக்கே கண்ணாடி செய்து கொடுத்த மனுஷன், 1926-ல் சாகும்வரை அதே கண்ணாடி வழியே காஹால் பார்த்ததைப் பார்க்க மறுத்துவிட்டார். மனசுக்குள் ஒரு படத்தை முன்கூட்டியே மாட்டிவைத்துவிட்டால், கண் எதிரே இருப்பது எங்கே தெரியப்போகிறது?

அடுத்த வாரம் இந்த இரண்டு பேரின் பெயரும் உங்களுக்கு ஞாபகம் இருந்தால், உங்கள் தலைக்குள் சில சந்திப்புகள் இப்போது மாறிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். காஹால் கேட்டால் சந்தோஷப்படுவார்!