தேடும் கருவியும் திருத்தும் உரிமையும்

பழஞ்செய்யுள் ஒன்றைத் தேடுபவர் பதிப்பின் இறுதியிலுள்ள முதற்குறிப்பு அகராதியையே முதலில் புரட்டுவார். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் இத்தகைய அகராதிகளைச் சேர்த்தது, வாசகர் நூலுக்குள் வழி தவறாதிருக்கவே.

கணினி நிரலும் ஒரு நெடுநூல்தான். ஒரு செயற்கூறு ஓரிடத்தில் வரையறுக்கப்படும். பல இடங்களில் அழைக்கப்படும். இந்தச் சிக்கலுக்கு நல்லதொரு விடை கண்டது ஈமாக்ஸ் உரைத்தொகுப்பி. 1976இல் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் அதை உருவாக்கினர். பெயர்களும் அவை வரையறுக்கப்பட்ட இடங்களும் 'டேக்ஸ்' என்னும் கோப்பில் அட்டவணையாகும். பெயரின்மேல் நின்று மெட்டா விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால் வரையறை கண்முன் வந்து நிற்கும்.

எனினும் அட்டவணை மட்டுமே அதன் பெருமை அன்று. 1985இல் வெளிவந்த குனு ஈமாக்ஸின் பெரும்பகுதி லிஸ்ப் மொழியில் அமைந்தது. எந்த விசை எங்கே இட்டுச் செல்ல வேண்டும் என்பதைப் பயனரே எழுதிக்கொள்ளலாம். ஜுவாவ் தாவொரா தனிப்பொதியாக எழுதிய 'எக்லாட்', நிரலைப் புரிந்துகொண்டு வழிகாட்டும் மொழிச் சேவையகங்களோடு தொகுப்பியை இணைத்தது. 2023இல் வந்த 29ஆம் பதிப்பில் அது ஈமாக்ஸின் உறுப்பாகவே ஆனது. வாசகர் எழுதிய குறிப்பு மூலநூலில் ஏறியதற்கு ஒப்பானது இது.

திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரத்துக்கு அண்மையில், மத்தளம்பாறையில், 2011இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. நிரல் எழுதுதல் இன்று நம் வட்டாரத் தொழில்களுள் ஒன்று. கருவியைக் கையாளக் கற்கும் நம் பிள்ளைகள் அதைத் திறந்து திருத்தவும் கற்க வேண்டும். அகராதியில்லா ஏடுகளுக்கு அகராதி செய்துகொண்ட மரபு நம்முடையது.