சணலும் நிலக்கரியும்

பகை மூண்ட இரு நாடுகளிடையே பண்டங்கள் சென்று வரலாமா? வரலாமெனின், எந்தப் பண்டம், எவ்வளவு, எவ்வழியில் என்று வரையறுப்பவர் யார்? அரசாங்கமே என்று எளிதில் விடை கூறிவிடலாம். அவ்வதிகாரத்தின் விளைவு யாது என்பதை அறிய, பாரதமும் பாக்கிஸ்தானும் பிரிந்தபின் நிகழ்ந்த ஒரு வரலாற்றை நாம் நோக்குவோம்.

பிரிவினைக்கு முன் வங்காளத்தின் சணல் ஒரே தொழிலாக இருந்தது. நாட்டில் விளைந்த சணலில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கிழக்கு வங்காளத்து வயல்களில் விளைந்தது. அதனை நூற்று நெய்யும் ஆலைகளோ கல்கத்தாவை அடுத்து ஹூக்ளி நதிக்கரையில் இருந்தன. 1947ஆம் ஆண்டில் வயல் ஒரு நாட்டிலும் ஆலை மற்றொரு நாட்டிலுமாகப் பிரிந்தன.

முதற் சில மாதங்கள் சரக்குகள் பழைய முறையிலேயே சென்றன. 1948 மார்ச் முதல் இரு நாடுகளும் ஒன்றையொன்று சுங்கத்தில் அயல்நாடாகக் கருதலாயின. ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் லைசென்ஸ் வேண்டுமென்ற நிலை எல்லையிலும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், இன்ன பண்டம் இவ்வளவு தருவோம் என்று இரு அரசாங்கங்களும் உடன்பாடு செய்துகொண்டன. பாக்கிஸ்தானிலிருந்து சணலும் பருத்தியும், பாரதத்திலிருந்து நிலக்கரியும் துணியும் செல்வதாயின.

இந்த ஏற்பாட்டை முறித்தது படையன்று, நாணயம். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது, பாரதமும் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது, பாக்கிஸ்தான் குறைக்கவில்லை. அதனால் பாக்கிஸ்தானின் 100 ரூபாய் நமது 144 ரூபாய்க்குச் சமமாயிற்று. அவ்விகிதத்தை நமது அரசாங்கம் ஏற்க மறுத்தது. சணல் வரவு நின்றது. நிலக்கரியும் அவ்வாண்டு இறுதியில் நிறுத்தப்பட்டது.

இதன் சுமை யார்மேல் விழுந்தது? ஹூக்ளிக் கரையில் ஆலைகள் வேலை நேரத்தைக் குறைத்தன. கிழக்கு வங்காளத்தில் விளைச்சலை விற்க வழியின்றி உழவன் திகைத்தான். பாக்கிஸ்தான் அரசாங்கம் சணலுக்குக் குறைந்தபட்ச விலை விதித்தது. கொள்முதலுக்குப் பணம் உதவவென்றே 1949 நவம்பரில் தேசீய வங்கி ஒன்றை நிறுவியது. 1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலி கானும் சிறுபான்மையோர் பற்றி உடன்படிக்கை செய்தபோது சிறிதளவு வாணிகத்துக்கும் வழி பிறந்தது. அவ்வாண்டு ஜூனில் கொரியப் போர் மூளவே, உலகச் சந்தையில் சணல் விலை உயர்ந்தது. இறுதியில் 1951 பிப்ரவரியில் பாக்கிஸ்தானின் நாணய விகிதத்தைப் பாரதம் ஏற்றது, வாணிகம் மீண்டது.

ஆயினும் பழைய நிலை மீளவில்லை. அதற்குள் மேற்கு வங்காளம், அஸ்ஸாம், பீகார் ஆகிய இடங்களில் சணல் பயிரிடுவது பெருகியிருந்தது. நாராயண்கஞ்சில் 1951இல் ஆதம்ஜி ஆலை எழுந்தது. ஒருவரையொருவர் நம்பி வாழ முடியாது என்ற பாடத்தையே இருவரும் கற்றனர்.

1965ஆம் ஆண்டுப் போர் எஞ்சிய வாணிகத்தையும் அறுத்தது. 1972 சிம்லா உடன்படிக்கைக்குப் பின், 1974 இறுதியில் மீண்டும் கதவு திறந்தது. தொடக்கத்தில் அரசாங்க நிறுவனங்களின் வாயிலாகவே சரக்குகள் சென்றன. 2008 அக்டோபரில் காஷ்மீர்க் கட்டுப்பாட்டுக் கோட்டின் குறுக்கே, தீர்வையின்றி, பண்டத்துக்குப் பண்டம் மாற்றும் முறையில் 21 வகைப் பொருள்கள் செல்ல இசைவளிக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் நமது அரசாங்கம் அதனை நிறுத்தியது. ஆயுதமும் போதைப்பொருளும் கள்ளநாணயமும் அவ்வழியே வருகின்றன என்பது கூறப்பட்ட காரணம். 2025 மே மாதத்தில், பாக்கிஸ்தான் பண்டங்கள் நேராகவோ பிற நாடுகளின் வழியாகவோ வருவது முற்றிலும் தடுக்கப்பட்டது.

நாட்டின் காப்பு அரசாங்கத்தின் முதற்கடமை என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் தடையாணை எழுதும் கை ஒன்று. அதன் விலையைத் தரும் கை வேறு. சணல் உழவனும், ஆலைத் தொழிலாளியும், எல்லையில் மூட்டை சுமப்போனும் அவ்விலையைத் தந்தவர்கள். மேலும், கதவை அடைக்க ஓர் ஆணை போதும். திறந்தபின் பழைய வாணிகம் தானே திரும்பி வருவதில்லை. 1949இன் பாடம் இதுவே.