வைக்கோல் பிரி வேலை

வைக்கோல் பிரி என்பது நெல் தாளை முறுக்கித் திரிக்கும் கயிறு. காவிரிப் படுகையில் இதை வளைய வளையமாகச் சுற்றியே பானை வைக்கும் பிரிமணை, விதைநெல் காக்கும் கோட்டை, அறுவடை நெல்லைக் கொட்டிவைக்கும் சேர் ஆகியவற்றை அமைத்தனர். தனித் தொழிலாக யாரும் கருதாததால், கைவினைப் பட்டியல்களில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

பிரி திரிக்க நீண்ட தாள் வேண்டும். குறுவை வைக்கோல் குட்டை. அறுவடையும் மழையை ஒட்டி வருவதால் எளிதில் நனைந்து மக்கும். தை மாதத்தில் அறுக்கும் சம்பா வைக்கோலே ஏற்றது. லேசாக நீர் தெளித்த வைக்கோலை ஒருவர் சிறிது சிறிதாக விட, மற்றவர் அதன் நுனியைக் கோலில் மாட்டி முறுக்கியபடி பின்னால் நகர்வார்.

விதைக்கோட்டைக்குப் பிரிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, மேலே வைக்கோலை விரித்து, நன்கு காய்ந்த விதையைக் கொட்டுவர். ஓரங்களை மேலே கூட்டி, உருண்டையாகும்வரை பிரியால் இறுக்கிச் சுற்றிச் சாணம் மெழுகுவர். சாணப் பூச்சு பூச்சிகளைத் தடுக்கும். வைக்கோல் ஈரத்தை உறிஞ்சும். அடுத்த விதைப்பு வரை முளைப்புத் திறன் கெடாது.

சேர் அளவில் பெரியது. மேடான தரையில் வைக்கோல் பரப்பி, தடித்த பிரியை வட்டமாக வைத்து, உள்ளே நெல்லைக் கொட்டுவர். நெல் உயர உயரப் பிரியும் அடுத்தடுத்த சுற்றாக ஏறும். தைப்பதே இல்லை, உள்ளிருந்து தள்ளும் நெல்லின் எடைதான் சுற்றுகளை இறுக்கிப் பிடிக்கிறது. கலிபோர்னியாவின் கவீயா பழங்குடியினரும் புல் கற்றையைச் சுற்றிக் கூடை செய்கின்றனர். ஆனால் அவர்கள் ஒவ்வொரு சுற்றையும் கோரைத் தண்டு போன்ற நாரால் கீழ்ச்சுற்றோடு தைப்பர். அக்கூடை வெறுமையாகவும் நிற்கும். சேரோ நெல்லை எடுக்க எடுக்கச் சரிந்து மறுபடி வைக்கோலாகிவிடும், மாட்டுக்கும் ஆகும். நிலையான சேமிப்புக்குச் செங்கல் கட்டடங்களும் இருந்தன. பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து வட்டமான நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது.

1960களில் ஐ.ஆர். 8 போன்ற குட்டை ரகங்கள் பரவியதும் தாளின் நீளம் குறைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கியபின், நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்கு நெல் களத்திலிருந்தே போகலாயிற்று. சேருக்குத் தேவை குறைந்தது. அறுவடை இயந்திரம் வைக்கோலை நசுக்கித் துண்டாக்கிவிடுவதால் முறுக்குவதற்கும் அது ஆகாது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்ற உயரமான மரபு ரகங்களைக் கையால் அறுப்போருக்கு மட்டும் பிரிக்கேற்ற தாள் இன்றும் கிடைக்கிறது.